கார் சக்கரத்த சுத்தி வர்ற காத்துத் தடைய குறைக்கறது எப்படி: முழு வழிகாட்டி

கார பாத்தவுடனே ரூஃப் வளைவ பாத்துட்டு "செம ஏரோடைனமிக்கா இருக்கு"ன்னு சொல்லிடுவோம், ஆனா ஒரு சாதாரண காரோட மொத்த காத்துத் தடையில கிட்டத்தட்ட கால் பங்கு சக்கரத்துலயும் வீல் ஆர்ச்சுக்குள்ளயும் (சக்கரம் உக்கார்ற வளைவான குழி) தான் போகுது. மேல இருக்கற பாடியில நாம வீட்ல வச்சு மாத்தறதுக்கு பெருசா ஒண்ணும் இல்ல, அத கம்பெனிக்காரங்களே இழைச்சு முடிச்சுட்டாங்க. கை வைக்க இடம் இருக்கறது கீழ தான், அதுவும் பெரிய செலவு இல்லாம.

முதல்ல எவ்ளோ மிச்சமாகும்னு ஒரு கணக்கு போட்ருவோம், இல்லன்னா பாதி வேலையில "இதுக்கா இவ்ளோ பாடு"ன்னு தோணும். சிடி (காத்துத் தடைய குறிக்கற எண், குறைவா இருந்தா நல்லது) 0.30, முன்பக்க பரப்பு 2.2 சதுர மீட்டர் இருக்கற ஒரு கார எடுத்துக்கோங்க. 60 கிமீ வேகத்துல காத்த தள்ள மட்டும் 1.8 கிலோவாட் போதும். 100ல அது 8.5 கிலோவாட், 120ல 14.7. வேகம் ஏற ஏற தேவைப்படற பவர் வேகத்தோட மூணாவது அடுக்குல ஏறுது (வேகம் ரெண்டு மடங்கானா பவர் எட்டு மடங்கு), அதனால சிட்டிக்குள்ள மட்டும் ஓட்டறவங்க இத படிச்சு ரசிச்சுட்டு அப்படியே விட்டுடலாம், ஹைவேல நெறைய ஓட்டறவங்களுக்கு தான் இது பலன் தரும். 100ல போற 8.5 கிலோவாட்ல கால் பங்குன்னா 2 கிலோவாட்டுக்கு மேல சக்கரத்துக்கே போகுது, அதுல பாதிய பிடிப்போம்னு கனவு காணாதீங்க, மொத்த டிராக்ல (காத்துத் தடை) ஒரு 5 சதவீதம் குறைஞ்சாலே நல்ல வேலை. டயர் உருளற தடையும் கூட சேர்றதால அந்த 5 சதவீதம் எரிபொருள்ல 3, மூணரை சதவீதமா தான் தெரியும்.

காத்து சக்கரத்துல என்ன பண்ணுது

இத புரிஞ்சுக்காம கவர் வாங்கி மாட்டறது தான் எல்லாரும் பண்றது. சக்கரம் ரோட்ட தொடற இடம் ரோட்ட பொறுத்தவரை நிக்குது, ஆனா டயரோட உச்சி காரோட வேகத்த போல ரெண்டு மடங்கு வேகத்துல முன்னால ஓடுது. அதாவது நீங்க 100ல போனா டயர் உச்சி எதிர் காத்த 200ல மோதுது. அந்த உச்சி ஆர்ச்சுக்குள்ள மறைஞ்சிருக்கறது ஒரு விதத்துல நல்லது தான்.

கீழ நடக்கறது இன்னும் மோசம். டயரும் ரோடும் சேர்ற மூலையில காத்துக்கு போக வழியில்லாம அழுத்தம் ஏறி, தண்ணி தேங்கின குட்டைய கால வச்சு மிதிச்சா ரெண்டு பக்கமும் பீச்சுமே அந்த மாதிரி ரெண்டு பக்கமும் பீச்சி அடிக்குது. இந்த ஜெட் தான் காரோட பக்கவாட்டுல ஓடற நல்ல காத்தயும், அடியில ஓடற காத்தயும் கலைச்சு விடுது. அதுக்கப்புறம் ரிம்ல இருக்கற ஸ்போக் எல்லாம் ஒரு மட்டமான ஃபேன் மாதிரி காத்த உள்ளருந்து வெளிய தள்ளிட்டே இருக்கும், அதுக்கும் பவர் இன்ஜின்லருந்து தான் வருது.

இன்னொரு விஷயம், முன் சக்கரத்துக்கு காத்து நேரா வர்றதில்ல. பம்பர் காத்த பிளந்து விடறதால சக்கரத்துகிட்ட வர்றப்ப அது வெளிப்பக்கமா சாஞ்சு வருது. அதனால சக்கரத்தோட உள் ஓரத்துலருந்து வெளி ஓரத்துக்கு குறுக்கா காத்து அடிக்குது, டயரோட வெளிப்பக்க கன்னத்துக்கு (பக்கச் சுவர்) பின்னால பெரிய சுழல் உருவாகுது. என் கருத்துல இந்த வேலையோட மையமே இதான், சக்கரத்த மூடறது ரெண்டாவது, சக்கரத்துக்கு வர்ற காத்த ஒழுங்கா கொண்டு வர்றது தான் முதல்ல.

வேலை 1: இப்ப என்ன நிலமைன்னு பாருங்க

மழை பெஞ்சு சேறான ரோட்ல ஒரு ரவுண்டு போயிட்டு வந்து கார கழுவாம நிறுத்துங்க. முன் சக்கரத்துக்கு பின்னால கதவுல அழுக்கு எந்த வடிவத்துல படிஞ்சிருக்குன்னு பாத்து, ஒரு ஃபோட்டோவும் எடுத்து வைங்க. விசிறி மாதிரி மேல ஏறி பரவியிருந்தா சக்கரத்தோட சுழல் பக்கவாட்டுல நல்லா அடிக்குதுன்னு அர்த்தம், கீழயே ஒரு பட்டையா நின்னா உங்க கார்ல கம்பெனியே ஓரளவு பாத்து பண்ணிருக்காங்க. இன்னும் தெளிவா வேணும்னா ஒரு 8, 10 செமீ நீள கம்பளி நூல் துண்டுங்கள மாஸ்கிங் டேப் வச்சு ஃபெண்டர்லயும் (சக்கரத்துக்கு மேல இருக்கற பாடி தகடு) கதவு கீழயும் வரிசையா ஒட்டி, பக்கத்துல இன்னொரு கார்ல ஃப்ரெண்ட விட்டு வீடியோ எடுக்க சொல்லுங்க. பின்னால படுத்து அமைதியா இருக்கற நூல் நல்ல காத்து, துள்ளறது, சுத்தறது, முன்னால திரும்பறது எல்லாம் கலைஞ்ச காத்து.

அப்படியே கார ஜாக்கில ஏத்தி அடியில பாருங்க (ஜாக்கிய மட்டும் நம்பி தலைய உள்ள விடாதீங்க, ஸ்டாண்ட் போடுங்க). நெறைய கார்ல முன் சக்கரத்துக்கு முன்னால ஏற்கனவே ஒரு சின்ன ரப்பர் நாக்கு தொங்கும், அது உடைஞ்சு காணாம போயிருந்தா அத வாங்கி மாட்டறதே முதல் வேலை. ஆர்ச் லைனர் (ஆர்ச்சுக்கு உள்ள இருக்கற உறை) கிழிஞ்சிருக்கா, கிளிப் விழுந்திருக்கா, இன்ஜின் அடி தகடு கழட்டிட்டு திரும்ப மாட்டாம விட்டாங்களா, இதெல்லாம் பாருங்க. புதுசா எதையாவது செய்யறதுக்கு முன்னால கம்பெனி குடுத்தது முழுசா இருக்கணும்.

வேலை 2: அளக்கறதுக்கு ஒரு வழி

இத தாண்டி போனா மீதி எல்லாம் மனசுக்கு தோணற மைலேஜ் தான். வீட்ல பண்ணக்கூடிய நல்ல டெஸ்ட் கோஸ்ட்டவுன், அதாவது 100க்கு மேல ஏத்தி நியூட்ரல்ல விட்டு 100லருந்து 80க்கு இறங்க எத்தன செகண்ட் ஆகுதுன்னு பாக்கறது. இன்ஜின ஆஃப் பண்ணவே கூடாது, ஸ்டியரிங்கும் பிரேக்கும் கல்லாயிடும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்னா நியூட்ரல்ல உருட்டலாமான்னு மேனுவல்ல பாத்துக்கோங்க, எலக்ட்ரிக் கார்னா ரீஜென் (மோட்டாரே வண்டிய மெதுவாக்கி பேட்டரிய சார்ஜ் பண்றது) வேலை செய்யாம இருக்கணும். ஆள் இல்லாத, சமமான, நேரான ரோடு வேணும், பின்னால வண்டி வர்ற இடத்துல இத செய்யாதீங்க.

மேல சொன்ன அதே கார், எடை 1300 கிலோன்னா, 100லருந்து 80க்கு சுமார் 20 செகண்ட் ஆகும். டிராக் 5 சதவீதம் குறைஞ்சா அது 20.6, 20.7 ஆகும். வித்தியாசம் முக்கால் செகண்ட் கூட இல்ல! இப்ப இன்னொரு பக்கம் பாருங்க, 90 கிமீ வேகத்துல எதிர் காத்து வெறும் செகண்டுக்கு 1 மீட்டர் அடிச்சாலே காத்துத் தடை 8 சதவீதம் ஏறிடும். வெப்பநிலை 10 டிகிரி ஏறினா காத்தோட அடர்த்தி 3 சதவீதத்துக்கு மேல இறங்கிடும். அதாவது நீங்க தேடற வித்தியாசத்த விட வானிலை பெருசா ஆட்டம் காட்டும், அதனால ஒரு தடவ ஓட்டி பாத்து சொல்றவங்க பேச்ச நம்பவே நம்பாதீங்க.

வழி என்னன்னா காத்து அசையாத விடிகாலைல போங்க, 20 நிமிஷமாவது ஓட்டி டயரும் ஆயிலும் சூடானப்புறம் ஆரம்பிங்க, டயர் பிரஷர் கிளம்பறதுக்கு முன்னால, டயர் சூடாகாதப்பவே, கதவுல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல போட்ட அளவுல நாலும் சரியா இருக்கட்டும், ஜன்னல் மூடி இருக்கட்டும், ரெண்டு திசையிலயும் ஓட்டி சராசரி எடுங்க. அப்புறம் மாத்தாம ஒரு செட், மாத்தி ஒரு செட், திரும்ப கழட்டி ஒரு செட். மூணாவது செட் முதல் செட்டோட ஒத்து வரலன்னா அன்னிக்கு நாள் சரியில்ல, மூட்டை கட்டிட்டு வந்துடுங்க. ஒரு நேரத்துல ஒரே ஒரு மாத்தம் மட்டும் பண்ணுங்க.

வேலை 3: முன் சக்கரத்துக்கு முன்னால தடுப்பு

போட்ட உழைப்புக்கு அதிக பலன் வாய்ப்பு இங்க தான். டயருக்கு முன்னால அடியில தொங்கற ஒரு சின்ன தடுப்பு, வர்ற காத்த டயர் மேல நேரா மோத விடாம கொஞ்சம் முன்னாலயே பிரிச்சு விடும், ஆர்ச்சுக்குள்ள போற காத்தும் குறையும். ஆனா அந்த தடுப்புக்கும் சொந்தமா ஒரு டிராக் இருக்கு, அத மறந்துடாதீங்க. ரொம்ப ஆழமா தொங்க விட்டா டயர்ல மிச்சம் பிடிச்சத இது தின்னுடும்.

அளவுக்கு ஒரு ஆரம்பம் சொல்றேன், அப்புறம் உங்க காருக்கு நீங்க தான் வெட்டி பாக்கணும். முன்னாலருந்து குனிஞ்சு பாத்தா டயர் எவ்ளோ அகலம் தெரியுதோ அவ்ளோ அகலம், உள்பக்கமா மட்டும் ஒரு ரெண்டு, மூணு செமீ கூட (காத்து உள்ளருந்து வெளிய சாஞ்சு வருதுன்னு சொன்னேன்ல, அதுக்காக). ஆழம் 5 செமீ. முதல்ல அட்டை வச்சு டெம்ப்ளேட் வெட்டி, ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி, டயர் எங்கயும் படலன்னு உறுதி பண்ணுங்க. கார் பள்ளத்துல இறங்கறப்ப சஸ்பென்ஷன் அமுங்கி டயர் மேல ஏறும், பிரேக் போட்டா மூக்கு இறங்கும், அதுக்கும் இடம் விடுங்க. தட்டையா நேரா நிக்கற பலகைய விட லேசா வளைச்சு, வெளி ஓரம் பின்னால போற மாதிரி வச்சா நல்லது.

மெட்டீரியல் வளையற ரப்பர் ஷீட் தான், 3, 4 மிமீ தடிமன். கெட்டியான பிளாஸ்டிக்கோ தகடோ வச்சா முதல் ஸ்பீட் பிரேக்கர்லயே பம்பரோட சேத்து பிச்சுட்டு போயிடும். லைனர்ல ஏற்கனவே இருக்கற ஸ்க்ரூ, கிளிப் ஓட்டைங்களயே பயன்படுத்துங்க, பின்னால ஒரு பட்டை வச்சு இறுக்கினா கிழியாது. டெஸ்ட் பண்ணிட்டு 1 செமீ வெட்டிட்டு திரும்ப டெஸ்ட். சில கார்ல 3 செமீலயே நல்ல ரிசல்ட் வரும், கம்பெனி தடுப்பு ஏற்கனவே இருக்கற கார்ல எதுவுமே வராமலும் போகும், அப்படின்னா கழட்டி போட்டுட்டு அடுத்த வேலைக்கு போங்க.

இதே பிரச்சினைக்கு கம்பெனிக்காரங்க பண்ற இன்னொரு வழி ஏர் கர்ட்டன். பம்பர் ஓரத்துல ஒரு ஒல்லியான செங்குத்து துளை, அதுல நுழையற காத்து ஆர்ச்சோட முன் ஓரத்துல வேகமா வெளிய வந்து சக்கரத்தோட வெளிப்பக்கத்துக்கு ஒரு திரை மாதிரி ஓடும். பிஎம்டபிள்யூ, ஃபோர்டு எல்லாம் இத பண்ணாங்க. உங்க கார்ல இருந்தா அந்த துளைல இலை, குப்பை அடைக்காம பாத்துக்கோங்க. இல்லன்னா பம்பர வெட்டி செய்யற ஆசைய விட்டுடுங்க, உள்ள இருக்கற குழாய் வடிவம் சரியா இல்லன்னா வெறும் ஓட்டை தான் மிச்சம்.

வேலை 4: ரிம் கவர்

எல்லாருக்கும் தெரிஞ்சது இது. உப்புப் பாலைவனத்துல ஸ்பீட் ரெக்கார்டுக்கு ஓட்டறவங்க பல வருஷமா பளபளன்னு தட்டையா ஒரு மூன் டிஸ்க் மாட்டறாங்க, 2022ல ஃபார்முலா 1லயும் எல்லா காருக்கும் வீல் கவர் கட்டாயமாச்சு. சாதாரண கார்ல எவ்ளோன்னு கேட்டா, டெஸ்லா மாடல் 3 கூட வர்ற ஏரோ கவர மாட்டியும் கழட்டியும் கார் அண்ட் டிரைவர் பத்திரிகை ஓட்டி பாத்தப்ப சராசரியா 3 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல மிச்சமாச்சு. ஒரு பிளாஸ்டிக் மூடிக்கு அது பெரிய விஷயம்.

ஆனா முழுசா மூடணும்னு அவசியம் இல்ல. காத்துக்கு முக்கியம் ரிம்மோட வெளி வட்டம், நடுப்பகுதி அவ்ளோ முக்கியம் இல்ல. 16 இன்ச் ரிம்ல ஆரம் சுமார் 20 செமீ, நடுவுல 10 செமீ ஆரத்துக்கு திறந்து விட்டா பரப்புல கால் பங்கு தான் திறந்திருக்கும், முக்கால் பங்கு மூடியாச்சு. நடுவுல திறந்திருக்கற வழியா பிரேக்குக்கு கொஞ்சமாவது காத்து போகும், வீல் நட்டயும் கழட்டாம பாக்கலாம். எனக்கு இந்த வளைய மாடல் தான் பிடிக்கும்.

ஸ்டீல் ரிம்னா வேலை சுலபம், ஓட்டை கம்மியா, மேல் பரப்பு வழவழன்னு இருக்கற ஃபுல் வீல் கேப் வாங்கி தட்டி மாட்டிடலாம். அலாய் ரிம்னா 1.5 மிமீ அலுமினியம் ஷீட்டோ ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஷீட்டோ வட்டமா வெட்டி, ஸ்போக்குக்கு பின்னால ஒரு சின்ன பட்டை வச்சு முன்னாலருந்து போல்ட் போட்டு சாண்ட்விச் மாதிரி பிடிக்க வைங்க. ஜிப் டை வச்சு கட்டறது டெஸ்ட்டுக்கு மட்டும், அதுலயே நிரந்தரமா ஓட்டாதீங்க. இங்க ஒண்ணு ரொம்ப ரொம்ப முக்கியம், ஹப்புக்கும் (ரிம் போயி உக்கார்ற நடுப்பாகம்) ரிம்முக்கும் நடுவுலயோ, வீல் நட்டுக்கு அடியிலயோ எந்த ஷீட்டும் வரவே கூடாது. அது அமுங்கி நட்டு லூஸாகி சக்கரமே கழண்டு போகும், மைலேஜுக்காக உயிர விட முடியாது.

கவர் டயர் கன்னத்தோட சமமா உக்காரணும், வெளிய துருத்திட்டு இருந்தா பலனே இல்ல. ஓரத்த உப்புத்தாள் போட்டு மழுக்கிடுங்க, கழண்டு பறந்தா அது கத்தி. வால்வுக்கு ஓட்டை விடுங்க, நாலு கவரும் ஒரே எடை, ஓட்டைங்க எதிரெதிரா சமமா இருக்கட்டும். மாட்டினப்புறம் 40, 60, 80னு படிப்படியா போயி ஸ்டியரிங் நடுங்குதான்னு பாருங்க, 50 கிமீ ஓட்டிட்டு எல்லா போல்ட்டயும் திரும்ப இறுக்குங்க.

பிரேக் சூட்ட பத்தி கொஞ்சம் விலாவாரியா சொல்லணும், ஏன்னா மக்கள் இத சிரிச்சுட்டு தாண்டிடறாங்க. டாட் 3 ரக பிரேக் ஆயில் புதுசா இருக்கறப்ப குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும், டாட் 4 ஆயில் 230. அது காத்துல இருக்கற ஈரத்த குடிச்சுட்டே இருக்கும், ஈரம் ஏறின டாட் 3க்கு அளவு 140 தான், டாட் 4க்கு 155. மலை இறக்கத்துல கவர் போட்டு, பழைய ஆயிலோட இறங்கினா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போற வாய்ப்பு நிஜமாவே இருக்கு. அதனால கவர் போட முடிவு பண்ணா முதல்ல பிரேக் ஆயில மாத்துங்க. ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கி ஒரே ரூட்ல கவர் இல்லாம ஒரு தடவ, கவரோட ஒரு தடவ ஓட்டி டிஸ்க் சூட்ட ஒப்பிட்டு பாருங்க. மலை ரூட்டுக்கும், ஃபுல் லோடுக்கும் முன்னால கவர கழட்டி டிக்கில போட்டுடறது என் பழக்கம். பிரேக் வேலையில பெரும்பங்கு முன் சக்கரத்துக்கு தான், அதனால பயமா இருந்தா பின் சக்கரத்துக்கு மட்டும் முழு கவர், முன்னால வளைய கவர்னு ஆரம்பிங்க. எலக்ட்ரிக், ஹைப்ரிட் கார்ல ரீஜென் இருக்கறதால பிரச்சினை கம்மி, ஆனா பேட்டரி ஃபுல்லா இருக்கறப்ப ரீஜென் பெருசா வேலை செய்யாதுன்னு ஞாபகம் வச்சுக்கோங்க.

வேலை 5: பின் சக்கரத்துக்கு ஸ்கர்ட்

பின் சக்கரம் ஸ்டியரிங்கோட திரும்பாது, அதனால ஆர்ச்சயே மூடிடலாம். சிட்ரோயன் டிஎஸ் 1955லயே பின் சக்கரத்த பாதி மறைச்சு வந்துச்சு, 1996ல வந்த ஜிஎம் இவி1க்கு சிடி 0.19, 1999ல வந்த முதல் ஹோண்டா இன்சைட்டுக்கு 0.25, ஃபோக்ஸ்வாகன் எக்ஸ்எல்1க்கு 0.19. இதுல எல்லாத்துலயும் பின் சக்கரம் மூடி தான் இருக்கும், அதோட பின் சக்கரங்க முன் சக்கரங்கள விட நெருக்கமா உள்ள தள்ளி இருக்கும். இந்த ரெண்டாவது விஷயத்துனால தான் அவங்களுக்கு ஸ்கர்ட் வெளிய பிதுங்காம நேரா வந்துச்சு. உங்க கார்ல டயர் ஃபெண்டரோட சமமா இருந்தா ஸ்கர்ட் பிதுங்கி தான் நிக்கும், அப்ப முன் ஓரத்தயும் பின் ஓரத்தயும் மெதுவா பாடியோட கலக்கற மாதிரி சரிவு குடுக்கணும், இல்லன்னா லாபம் இல்ல.

செய்யறதுக்கு முன்னால பின் சீட்லயும் டிக்கிலயும் முழு பாரம் ஏத்திட்டு டயர் எங்க வரைக்கும் வருதுன்னு குறிச்சுக்கோங்க. டயருக்கும் ஸ்கர்ட்டுக்கும் 2 செமீ குறையாம இடைவெளி. அலுமினியம் காம்போசிட் பேனல் இதுக்கு நல்லா வேலைக்கு ஆகும், லேசு, வளையும், துருப்பிடிக்காது. மேல ரெண்டு கொக்கி, கீழ ரெண்டு கைத்திருகு ஸ்க்ரூன்னு வச்சா பஞ்சரானா ரெண்டு நிமிஷத்துல கழட்டிடலாம். சேறு, பனி இருக்கற ரோட்ல உள்ள அடைச்சு இறுகிடும், அந்த சீசன்ல கழட்டி வைங்க. முன் சக்கரத்துக்கு ஸ்கர்ட் போடலாமான்னு கேக்கறவங்களுக்கு, திரும்பற சக்கரத்துக்கு வேணாம், அவ்ளோ தான். எந்த மாத்தமா இருந்தாலும் உங்க ஊர் வாகன சட்டம் என்ன சொல்லுதுன்னும் பாத்துக்கோங்க.

வேலை 6: டயர் மாத்தறப்ப

இதுக்காகவே யாரும் டயர் மாத்த வேணாம், தேயறப்ப யோசிங்க. அகல டயர் அழகு தான், ஆனா காத்துக்கு முன்னால நிக்கற பரப்பு கூடுது, அடியில அந்த ஜெட்டும் பலமாகுது, உருளற தடையும் பெரும்பாலும் ஏறும். 205 மிமீ அகலத்துக்கு பதிலா கம்பெனி அனுமதிச்ச 185 அளவு உங்க மாடல்லயே கீழ் வேரியன்ட்ல இருந்தா அது தான் புத்திசாலித்தனமான தேர்வு. பிஎம்டபிள்யூ ஐ3க்கு 155/70 ஆர்19னு உயரமா ஒல்லியா ஒரு டயர் குடுத்தாங்க, பாக்க சைக்கிள் மாதிரி இருக்குன்னு கிண்டல் பண்ணவங்க நெறைய பேர், ஆனா அப்படி குடுத்ததுக்கு காரணம் இதான். லோடு இன்டெக்ஸ் (டயர் தாங்கற எடை), ஸ்பீட் ரேட்டிங் (தாங்கற வேகம்) ரெண்டும் கம்பெனி சொன்னதுக்கு கீழ போகக்கூடாது. ஐரோப்பால டபிள்யூஎல்டிபிங்கற எரிபொருள் டெஸ்ட் வந்தப்புறம் நீங்க தேர்ந்தெடுக்கற ரிம்ம வச்சு ஒரே மாடலுக்கே வேற வேற எரிபொருள் கணக்கு வருது, கார் கம்பெனிங்க திடீர்னு மூடின மாதிரி ரிம் டிசைன் பண்ண ஆரம்பிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம்.

மட் ஃப்ளாப் டயர் அகலத்துக்கு மேல இருந்தா டயர் அகலத்துக்கு வெட்டுங்க, அதுக்கு உள்ள இருக்கறது எப்படியும் டயருக்கு பின்னால கலைஞ்ச காத்துல தான் நிக்குது. ஃபெண்டருக்கு பின்னால வெண்ட் வெட்டறது, ஆர்ச்சுக்குள்ள ஃபோம் வச்சு அடைக்கறது இதெல்லாம் வீடியோல நல்லா இருக்கும், ஃபோம் டயர்ல சிக்கினா என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

செய்யற வரிசைன்னா, கம்பெனி பாகங்கள சரி பண்ணி, டெஸ்ட் பேஸ்லைன் எடுத்து, முன் தடுப்பு, அப்புறம் பின் கவர், முன் வளைய கவர், கடைசியா ஸ்கர்ட். தடுப்பையும் கவரையும் மாட்டினப்புறம் திரும்ப அந்த சேத்து ரோட்ல ஒரு ரவுண்டு போயி கதவுல இருக்கற அழுக்கு கோட்ட முதல்ல எடுத்த ஃபோட்டோவோட வச்சு பாருங்க, கோடு கீழ இறங்கியிருந்தா கோஸ்ட்டவுன்லயும் அது தெரியணும். ரெண்டும் எதிரெதிரா சொன்னா கோஸ்ட்டவுன இன்னொரு நாள் காத்து இல்லாத நேரத்துல திரும்ப எடுங்க, அதுவரைக்கும் அடுத்த மாத்தத்துக்கு போகாதீங்க.